பதினோராவது கேள்வி

அவள் ஒட்டிய கேள்வி அட்டைகள் பத்து. பதில் வந்தது பதினொன்றுக்கு.

விடைத்தாளை முதலில் கொண்டுவந்து நீட்டியவன் ரேடியோ. வாயை மூடத் தெரியாத பையன் என்பதால் எட்டாம் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. போகப் போக ஆசிரியர்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

"டீச்சர், நாங்கதான் ஃபர்ஸ்ட்டு! மாலி அணி! டைம் போட்டுக்கங்க, அப்புறம் அந்த அக்சும் அணி வந்து அழுதா நம்பாதீங்க."

"மூச்சு விடுப்பா முதல்ல" என்று தாளை வாங்கினாள்.

"ஒரு டவுட்டு டீச்சர். பதினொண்ணாவது கேள்விக்கு ஒரே பதில்தானா? இல்ல, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மார்க்கா?"

"பதினொண்ணாவது கேள்வியா?"

"அதான், மாடிப்படிக்கிட்ட இருக்கிற குரலக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது. பதினொண்ணுலயும் அதுதான் செம ஈஸி. ரெண்டாவது நான்!"

அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னான். பரிசு வாங்க மேடைக்குப் போகிறவன் முகம்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில், அவள் அச்சடித்த கட்டங்கள் முடிந்த இடத்துக்குக் கீழே, கையால் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். குரல் 1: தண்ணி பாட்டில் குரூப். குரல் 2: நான். குரல் 3: பெரிய மேடம். குரல் 4: அத்தை. குரல் 5 என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அவள் அறிவியல் ஆசிரியை. பள்ளியில் சேர்ந்து இன்னும் ஓர் ஆண்டு நிறையவில்லை. வரலாற்று ஆசிரியை பிரசவ விடுப்பில் போனபோது தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "ஆப்பிரிக்கப் பாடம் அப்படியே நிக்குது. நீ எடுத்துடும்மா. நடத்தக்கூட வேணாம், அந்த டேப்லெட்டு, க்யூஆர் எல்லாம் உனக்குத்தான் அத்துப்படியாச்சே, புதையல் வேட்டை மாதிரி ஒண்ணு வை. பிள்ளைங்க ஓடியாடிப் படிக்கட்டும். நான் வீடியோ எடுத்து நம்ம ஸ்கூல் பேஜ்ல போடறேன்" என்றார். போகிற போக்கில், "உன்னோட பர்மனன்ட் ஆர்டரும் என் மேஜையிலதான் இருக்கு, கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றும் சொல்லி வைத்தார்.

அவள் தலையாட்டினாள். மாட்டேன் என்று சொல்வதற்குப் பேச வேண்டும். பேசுவதைவிட ஒரு கண்டத்தின் வரலாற்றைப் படித்துவிடுவது அவளுக்குச் சுலபம்.

படிக்கப் படிக்கத் தூக்கிவாரிப் போட்டது. எகிப்தைவிட அதிகமான பிரமிடுகள் சூடானில் இருக்கின்றன என்று பட்டப்படிப்பு முடித்த தனக்கு யாரும் சொன்னதில்லையே என்று சாப்பாட்டு மேஜையில் அண்ணியிடம் புலம்பினாள். அண்ணி அப்போது க்யூஆர் அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ள பிரமிடு இருக்காக்கும்? எனக்கு ஏதோ குறுக்கெழுத்துப் போட்டி மாதிரிதான் தெரியுது" என்றாள் அண்ணி.

"போனைக் காட்டினா வரும் அண்ணி."

"உங்க அண்ணன் மூஞ்சில ஒண்ணு ஒட்டி விடேன். உள்ள என்ன ஓடுதுன்னு நானும் பாத்துக்கறேன்."

பத்து அட்டை. அண்ணிதான் எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள்.

காலையில் பள்ளி திறக்குமுன் போய் ஒட்டினாள். நூலகக் கதவில் திம்புக்துவின் கையெழுத்துச் சுவடிகள். ஆய்வகத்தில் பெனின் நாட்டு உலோகச் சிற்பங்கள். மாடிப்படி ஓரம், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற சுவரில், சிம்பாப்வேயின் கற்சுவர்; சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டியது. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். நான்கு வரி செய்தி, ஒரு கேள்வி, அடுத்த இடத்துக்கு ஒரு துப்பு. அணிகளுக்கும் பழைய ஆப்பிரிக்க அரசுகளின் பெயரையே வைத்தாள்: மாலி, அக்சும், பெனின், குஷ். பிள்ளைகளிடம் விதியைச் சொல்லும்போது அவளே சொன்னாள்: "எந்தக் க்யூஆர் கண்ணுல பட்டாலும் ஸ்கேன் பண்ணுங்க. கேள்வி இருந்தா பதில் எழுதுங்க. ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் உண்டு."

எந்தக் க்யூஆர் என்றாலும். அவள் வாயிலிருந்து வந்த சொல்தான்.

இப்போது அக்சும் அணி வந்து தாளை நீட்டியது. பின்னாலேயே பெனின் அணி. எல்லாத் தாளின் பின்பக்கத்திலும் கையால் போட்ட கட்டம். எல்லாரும் முதல் மூன்று குரல்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். பெனின் அணியில் தண்ணீர் பாட்டில் குழுவின் தலைவியே இருந்தாள். அவள் "குரல் 1: நான்தான் (கடைசியில் சிரிப்பதும் நானே)" என்று எழுதியிருந்தாள். இரண்டு மார்க் எதிர்பார்க்கிறாள் போல.

"நாலாவது யாரோட அத்தை?" என்று கேட்டாள் டீச்சர்.

"கரண்ட் கட்டோட அத்தை டீச்சர்" என்றான் ரேடியோவின் அணியில் ஒருவன். "அவங்க எனக்குப் பக்கத்து வீடு. அந்தக் குரல எங்க இருந்தாலும் சொல்லிடுவேன். நாங்க டிவி பாக்கும்போதே கேக்கும்."

"கரண்ட் கட்டா?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். "நம்ம நெட்டை, டீச்சர். கடைசி பெஞ்சு."

அந்தப் பெண்ணை டீச்சருக்குத் தெரியும். வகுப்பிலேயே உயரம், அதனால்தான் கடைசி பெஞ்சு என்று எண்ணியிருந்தாள். நல்ல கறுப்பு. அதிகம் பேசமாட்டாள். தன்னைப் போல என்று டீச்சருக்கு அவளிடம் ஒரு பிரியம்கூட உண்டு. குஷ் அணியில் இருந்தாள். குஷ் அணி மட்டும் இன்னும் வரவில்லை.

"இன்னொண்ணு டீச்சர்" என்றான் ரேடியோ. "ரெண்டாவது குரல்ல கடைசியா நீங்களும் இருக்கீங்க. அதையும் எழுதினா மார்க் உண்டா?"

அவள் மேஜையிலிருந்த டேப்லெட்டையும் விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தாள். மூன்று அணிகளும் பின்னாலேயே வந்தன. முடிவு சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு.

கற்சுவர் அட்டை அவள் ஒட்டிய இடத்திலேயே இருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, ஆண்டு விழாப் புகைப்படம் மாட்டியிருக்கும் சட்டத்துக்கு நேர் கீழே, இன்னொரு அட்டை. அதே அளவு. அதே ஆரஞ்சு விளிம்பு. க்யூஆர் எப்படி உருவாக்குவது என்று போன வாரம் வகுப்பில் செய்து காட்டியவளும் அவள்தான்.

நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். நாள் தவறாமல் கடந்து போகிற படம். முன்வரிசையில் பளபளவென்று பிள்ளைகள். பின்வரிசையின் கோடியில், மேடைத் திரை பாதி முகத்தை மறைக்க, நெட்டைப் பெண். அவள் அந்தப் படத்தில் இருக்கிறாள் என்பதே டீச்சருக்கு இன்றுதான் தெரிந்தது.

ஸ்கேன் செய்தாள். வெள்ளைப் பக்கம் திறந்தது. மேலே தலைப்பு: "இரைச்சல் நான்கு. இசை ஒன்று." அதன் கீழே ஐந்து பொத்தான்கள். கடைசியில் கேள்வி: "இவற்றில் உங்கள் குரல் எது?"

தலைப்பைத் திரும்பவும் படித்தாள். அது அவள் கொடுத்த வீட்டுப்பாடம். ஒலியியல் பாடம் நடத்தியபோது, கேட்கக் கூசுவது இரைச்சல், கேட்க இதமானது இசை என்று பலகையில் எழுதிப்போட்டு, பள்ளியின் டேப்லெட்டுகளைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் போகிற இடமெல்லாம் எடுத்துப் போங்கள், நான்கு இரைச்சலும் ஓர் இசையும் பதிவு செய்து அனுப்புங்கள் என்றாள். லாரி ஹாரன், மிக்சி, குக்கர், நாய் என்று வகுப்பே அனுப்பியது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், கடைசிப் பத்துப் பேருடையதைத் திறக்காமலே பத்துக்கு ஒன்பது என்று போட்டு முடித்தாள்.

முதல் பொத்தானை அழுத்தினாள். குழாயடிச் சத்தம். ஒரு பெண் குரல்: "ஏய், அவ வாய் வச்ச பாட்டில்ல குடிக்காதடி, கலர் ஒட்டிக்கும்!" சிரிப்பு. நிறையச் சிரிப்பு.

பின்னால் நின்ற பாட்டில் குழுத் தலைவி, "அது நான்" என்று சொல்லத் தொடங்கி, டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

இரண்டாவது. மின்விசிறி ஓடுகிறது. புரொஜெக்டரின் உறுமல். ரேடியோவின் குரல் கணீரென்று: "டீச்சர், லைட்டப் போடுங்க, இங்க ஒருத்தியக் காணோம்!" வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது. சிரிப்பு அடங்கக் காத்திருந்ததுபோல ஒரு சின்ன மௌனம். அப்புறம் மெல்லிய, கூச்சமான, நல்ல குரல் ஒன்று:

"ஷ்ஷ்... சரி சரி. அடுத்த படத்தைப் பாருங்க."

தன் குரலைப் பதிவில் கேட்டால் யாருக்கும் அது வேறொருவர் குரல்போல இருக்கும். ஏன் என்று அவள் வகுப்பில் விளக்கியும் இருக்கிறாள். எலும்பு வழி கேட்பது, காற்று வழி கேட்பது. அந்த விளக்கம் இப்போது கைகொடுக்கவில்லை. அது அவள்தான். அந்த நாளும் நினைவுக்கு வந்தது. பையன் சொன்னது கேட்டது. கேட்காததுபோல இருந்துவிட்டாள். ஏதாவது சொன்னால் வகுப்பு இன்னும் சிரிக்கும், தன்னால் அடக்க முடியாது என்ற பயம். அடுத்த படம் இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மதிப்பெண் போட்ட மறுநாள் நெட்டைப் பெண் மேஜைக்கு வந்து நின்றாள். "டீச்சர், என்னோடதைக் கேட்டீங்களா?" என்றாள். "ம், கேட்டேனே. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் இவள்.

அந்தப் பெண் அவள் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டுப் போனாள்.

"என்ன எல்லாரும் இங்க கூடிட்டீங்க? வெரி குட், வெரி குட், அப்படியே நில்லுங்க, டீச்சரச் சுத்தி நில்லுங்க!"

தலைமையாசிரியை. போனை உயரப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் குஷ் அணி, நால்வர். கடைசியாக நெட்டைப் பெண், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

டீச்சரின் விரல் எங்கோ பட்டிருக்க வேண்டும். மூன்றாவது குரல் தானாக ஓடத் தொடங்கியது. மேடை ஒத்திகைச் சத்தம். அதற்கு மேலே, பள்ளியில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போக முடியாத குரல்: "அந்த நெட்டைப் பொண்ணக் கடைசிக்கு அனுப்புங்க. உயரமா? அதுக்கில்ல டீச்சர், அந்த மஞ்சள் ட்ரெஸ்ஸு அவ மேல செத்துப்போகுது பாருங்க. முன்னாடி நல்லா பளிச்சுன்னு இருக்கிற பிள்ளைங்களா நிறுத்துங்க. போட்டோ நல்லா வரணும்."

தலைமையாசிரியையின் போன் அப்படியே உயரத்தில் நின்றது. அது இன்னும் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. அவர் முகம் புன்னகையிலிருந்து இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டது.

"இது என்ன?" என்றார்.

ரேடியோவே நின்றுபோயிருந்தது.

"யாரு பண்ண வேலை இது? என் பேச்ச எனக்குத் தெரியாம ரெக்கார்டு பண்ணி, ஸ்கூல் சுவத்துலயே ஒட்டுற அளவுக்குத் துணிச்சல் யாருக்கு?" கேட்டுக்கொண்டே அவர் கண் கூட்டத்தைத் தாண்டிப் பின்னால் போனது, அது யாரைத் தேடிப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. "இங்க வாம்மா நீ. நீதானே? நாளைக்கு அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா. டிசிய வாங்கிட்டுப் போகட்டும்."

நெட்டைப் பெண் முன்னால் வந்தாள். அழவில்லை. டீச்சரைப் பார்த்தாள், மேஜைக்கு வந்து நின்றபோது பார்த்த அதே பார்வை.

"வீட்டுப்பாடம் மேடம்" என்றாள் டீச்சர்.

"என்ன?"

"நான் குடுத்த வீட்டுப்பாடம். நாலு இரைச்சல், ஒரு இசை, ஒரு வாரம் டேப்லெட்டக் கையில வச்சுப் பதிவு பண்ணச் சொன்னது நான்தான். அவ பண்ணிட்டா. வீட்டுப்பாடம் செஞ்சதுக்கு டிசி குடுக்க முடியாது மேடம்."

"இரைச்சலா?" தலைமையாசிரியை அந்தச் சொல்லிலேயே நின்றார். "நான் பேசினது இரைச்சலா?"

"ரெண்டாவதுல நான் இருக்கேன் மேடம்."

"இதைக் கேட்டுட்டா மார்க் போட்ட?"

"கேக்காமப் போட்டேன். ஒன்பது. கேட்டேன்னு அவகிட்டப் பொய்யும் சொன்னேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் பொய் சொல்வாள் என்பது அவர்களுக்கு மூன்றாவது குரலைவிடப் பெரிய செய்தி.

"உன் ஆர்டர் என் மேஜையில இருக்குன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்றார் தலைமையாசிரியை, மிகத் தாழ்ந்த குரலில்.

"இருக்கு மேடம்."

"அப்ப இதக் கிழிச்சு எடு."

டீச்சர் அட்டையைப் பார்த்தாள். ஓரத்தில் நகம் வைத்தால் வந்துவிடும். அவள் கை எழவில்லை. எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் சரி என்று சொல்வது வழக்கம்.

"வேட்டை இன்னும் முடியல மேடம்" என்றாள். "நான் பதில் எழுதல."

தலைமையாசிரியை சுவரிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார். திரை மறைத்த அந்தக் கோடியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சட்டென்று கையை உயர்த்திச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். அது கோபமா, வெட்கமா, தடயத்தை அப்புறப்படுத்துவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அறைக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர்" என்றான் ரேடியோ. அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எங்க பேப்பரக் குடுங்க. அந்தப் பதினொண்ண அடிச்சிட்டுத் தர்றோம்."

"எங்களுதும் டீச்சர்" என்றாள் பாட்டில் குழுவின் தலைவி. கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "அது சும்மா விளையாட்டுக்கு..."

டீச்சர் மாலி அணியின் தாளைப் பார்த்தாள். ஆறாவது கேள்வி, கற்சுவர் பற்றியது: இந்தச் சுவரை ஆப்பிரிக்கர்கள் கட்டினார்கள் என்பதை வெளியிலிருந்து வந்த பலர் நீண்ட காலம் ஒப்புக்கொள்ளாதது ஏன்? ரேடியோவின் சாய்ந்த கையெழுத்தில் பதில்: "நிறத்தை வைத்து மனிதர்களின் அறிவை எடை போட்டதால். இது மிகவும் தவறு." அதே பேனா, அதே கையெழுத்து, தாளைத் திருப்பினால்: "குரல் 2: நான்."

அவள் அவனிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினாள். அவன் படித்தான். திரும்பவும் படித்தான். தாளைக் கேட்டு நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

"அடிக்க வேணாம்" என்று தாள்களை அந்தந்த அணியிடமே திருப்பிக் கொடுத்தாள். "மார்க் நான் போட மாட்டேன். கேள்வி யாரோடதோ அவ போடட்டும்."

மிச்சமிருந்த வெற்று விடைத்தாள் ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்து, அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினாள். குரல் 2, கடைசி வரி: நான். பிறகு நான்காவது பொத்தானை அழுத்தினாள். துணிக்கடைச் சத்தத்தின் நடுவே அலுத்துப்போன ஒரு பெரிய மனுஷி: "அந்த நீலம் தங்கச்சிக்கு இருக்கட்டும்மா. உனக்கு எந்தக் கலரப் போட்டாலும் ஒண்ணுதானே." பக்கத்து வீட்டுப் பையன் தரையைப் பார்த்தான்.

ஐந்தாவது. ஆளில்லாத ஏதோ அறை. குழாய் சொட்டுகிற சத்தம். அந்தச் சொட்டுக்குத் தாளம் பிசகாமல் யாரோ சொல்லில்லாமல் பாடுகிறார்கள். உரக்க இல்லை. தனக்குத்தானே. மேலே போய், கொஞ்சம் நின்று, இறங்க மனமில்லாமல் இறங்குகிற குரல்.

"அது நெட்லேர்ந்து எடுத்ததுன்னு நெனச்சோம்" என்றாள் அக்சும் அணியில் ஒருத்தி.

டீச்சர் மறுபடியும் கேட்டாள். இந்தக் குரலை எங்கேயாவது கேட்டிருக்கிறோமா என்று தேடினாள். இசை ஆசிரியையா, ஆறாம் வகுப்பில் பரிசு வாங்கிய பெண்ணா? ஒன்றும் பிடிபடவில்லை. குரல் 5 என்று எழுதி, எதிரே காலியாக விட்டு, தாளையும் சிவப்புப் பேனாவையும் நெட்டைப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று திருத்தினாள். இரண்டாவதுக்கு ஒரு சரி போட்டாள். காலியான இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"தெரியலையா டீச்சர்?"

"தெரியல."

"நான்தான்."

இத்தனை மாதம் வருகைப் பதிவுக்கு அந்தக் குரல் சொன்ன "உள்ளேன் டீச்சர்" ஒன்றுகூட டீச்சரின் காதில் ஒட்டவில்லை.

நெட்டைப் பெண் காலி இடத்தில் ஒரு வட்டமான பூஜ்யம் போட்டாள். கூட்டிப் பார்த்து, தாளின் மேல் மூலையில் ஒன்று என்று எழுதிக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ரேடியோவின் பக்கம் கையை நீட்டினாள்.

"உங்களோடதையும் குடு" என்றாள்.